சப்வர்ஷனிலிருந்து கிட்டுக்கு மாறுதல்: கேள்வி பதில்

கேள்வி: நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் சப்வர்ஷன் மென்பொருளில் உள்ள எங்கள் களஞ்சியம் (நிரலும் அதன் வரலாறும் இருக்கும் இடம்) 12 ஆண்டுகள் பழையது. அதே வகை மென்பொருளான கிட்டுக்கு மாற்றும் வேலையை எங்கே தொடங்குவது?

பதில்: பெயர்ப் பட்டியலில் தொடங்குங்கள். சப்வர்ஷன் ஒவ்வொரு கமிட்டுடனும் (பதிவு செய்த மாற்றத்துடனும்) ஒரு பயனர் பெயரை மட்டுமே வைத்திருக்கும். கிட்டுக்கு முழுப் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் வேண்டும். ஆகவே வேலையை விட்டுப் போனவர்கள் உட்பட எல்லோருக்கும் இவற்றை ஒரு கோப்பில் எழுதி, மாற்றும் கருவியிடம் முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று விட்டால், கமிட்டின் ஹாஷ் (அதன் அடையாளக் குறி) ஆசிரியர் பெயரையும் முந்தைய கமிட்டின் ஹாஷையும் சேர்த்துக் கணக்கிடப்படுவதால், ஒரே ஒரு பெயரைத் திருத்தினாலும் அதற்குப் பின் வந்த எல்லா ஹாஷ்களும் மாறிவிடும். இந்த மாற்றத்துக்கான கிட்-எஸ்.வி.என் கருவி டேக்குகளையும் (வெளியீடு போன்ற ஒரு நிலைக்கு இட்ட பெயர்களையும்) கிளைகளாகவே (தனித்து வளரும் கமிட் வரிசைகளாகவே) கொண்டுவரும் என்பதால், அவற்றை உண்மையான டேக்குகளாக மாற்றுவது தனி வேலை. பழைய களஞ்சியத்தைப் பூட்டுங்கள், அழிக்காதீர்கள்.

கேள்வி: பிழைப் பதிவுகளில் சப்வர்ஷன் ஒவ்வொரு கமிட்டுக்கும் கொடுத்த பழைய திருத்த எண்களைக் குறிப்பிட்டிருக்கிறோமே?

பதில்: அந்த எண்ணைக் கமிட் செய்தியிலேயே ஒரு வரியாக விட்டுவையுங்கள். 2020 ஜனவரியில் ஜி.சி.சி தொகுப்பி கிட்டுக்கு மாறியபோது அப்படித்தான் செய்தார்கள்.

கேள்வி: வரலாறு எதற்கு? கடைசி நிலையை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாகத் தொடங்கலாமே?

பதில்: கூடாது. ஒரு வரியை யார், ஏன் எழுதினார் என்று தேடும் நாளில் எல்லா வரிகளும் ஒரே கமிட்டில் போய் முடியும்.

கேள்வி (மேற்கண்ட பதிலை மறுத்து): லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலே 2005 ஏப்ரலில் பழைய வரலாறு இல்லாமல்தானே கிட்டில் தொடங்கியது?

பதில்: நல்ல மறுப்பு, ஆனால் பாதிக் கதை. முழு வரலாற்றையும் இறக்கினால் சுமார் 3.2 ஜிபி வரும், அதைத் தாங்கும் வசதிகள் இன்னும் உருவாகவில்லை என்று லினக்ஸையும் கிட்டையும் உருவாக்கிய டோர்வால்ட்ஸ் அந்த முதல் கமிட்டிலேயே எழுதினார். கிட் பிறந்து சில நாள்களே ஆகியிருந்த நேரம் அது. அந்தக் காரணம் இன்று உங்களுக்குப் பொருந்தாது. பழைய வரலாறு பின்னர் தனிக் களஞ்சியமாக மாற்றப்பட்டது; கெர்னலின் 2.6.12 பதிப்புக்கு முந்தைய வரியைத் தேடுபவர்கள் இன்றும் அங்கேதான் போகிறார்கள். கெர்னலுக்கு அந்த வேலையைச் செய்ய ஆட்கள் முன்வந்தார்கள். உங்கள் நிறுவனத்தில் யார் வருவார்?

கேள்வி: எங்கள் களஞ்சியம் சிறியது. வரலாற்றை விட்டுவிடலாமா?

பதில்: மேலே உள்ள இரண்டு பதில்களையும் படியுங்கள். சிறியதாக இருந்தால் மாற்றுவதும் எளிது.

கேள்வி: 300 எம்பி நிறுவல் கோப்புகள் உள்ளே கிடக்கின்றன.

பதில்: க்ளோன் செய்யும் (களஞ்சியத்தை நகலெடுக்கும்) ஒவ்வொருவருக்கும் முழு வரலாறும் போகும் என்பதால், மாற்றும்போதே அவற்றை நீக்குங்கள், அல்லது பெரிய கோப்புகளைத் தனியே வைக்கும் எல்.எஃப்.எஸ்ஸுக்கு அனுப்புங்கள். குழு க்ளோன் செய்த பிறகு நீக்கினால் எல்லோரும் மறுபடி க்ளோன் செய்ய நேரும்.

கேள்வி: இதே வகை மென்பொருளான பெர்ஃபோர்ஸிலிருந்து மாறுவது எப்படி?

பதில்: அது என் துறையன்று, கிட்டுடன் வரும் கிட்-பி4 கருவியின் கையேட்டைப் பாருங்கள்.

கேள்வி: எல்லாம் முடிந்ததும் பழைய சர்வரை அழித்துவிடலாமா?

பதில்: முதல் பதிலின் கடைசி வரி.