ஆணியில் தொங்கும் சங்கிலி: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்

இந்தப் பகுதிக்கு மாடு, ஆடு பற்றித்தான் கேள்விகள் அதிகம் வரும். இந்த முறை நாய் இறந்துபோன வீடுகளிலிருந்து வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். முப்பது வருடம் ஊசி பிடித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: பாதிக்கு மேற்பட்ட கடிதங்களில், எதையோ கேட்பதுபோல ஆரம்பித்து, கடைசியில் "என் தப்பா டாக்டர்?" என்றுதான் வந்து நிற்கிறார்கள். தப்பு இல்லாத இடத்தில் இல்லை என்பேன். இருக்கிற இடத்தில் இருக்கிறது என்றே சொல்வேன்.

எங்கள் லேப்ரடாருக்குப் பதினொரு வயது. சிறுநீரகம் போய்விட்டது என்றார்கள். ஊசி போட்டு முடித்துவிட்டோம். கண் மூடவே இல்லை. எல்லாம் முடிந்தது என்று டாக்டர் சொன்ன பிறகும் ஒரு பெருமூச்சு விட்டான். உயிர் இருக்கும்போதே தூக்கிக்கொண்டு வந்துவிட்டோமோ? – வாசகி, திருநெல்வேலி

இல்லை. அந்த ஊசி, அளவுக்கு மிஞ்சிக் கொடுக்கும் மயக்க மருந்துதான். நரம்பில் ஏற ஏற, சில நொடிகளில் நினைவு தப்பிவிடும். அப்புறம் மூச்சு நிற்கும், கடைசியாக இதயம். நீங்கள் பார்த்த "பெருமூச்சு", உயிர் போன பிறகு, மூச்சை இயக்கும் தசையான உதரவிதானம் ஒன்றிரண்டு தடவை தானாகத் துடிப்பது. சிலசமயம் கால் வெட்டும், சிறுநீர் போகும். இமையை மூடக்கூடத் தசை வேலை செய்ய வேண்டும், அதனால் நாய்களுக்குக் கண் திறந்தே இருக்கும். இதையெல்லாம் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விடுவது எங்கள் ஆட்களிடம் உள்ள கெட்ட பழக்கம்.

இன்னும் ஒரு வாரம் பொறுத்திருக்கலாமோ என்றும் எழுதியிருக்கிறீர்கள். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, ஏறுவதே சிறுநீரகத்தின் வேலையில் முக்கால்வாசி போன பிறகுதான். வாயில் நாற்றம், ஓயாத வாந்தி, தண்ணீர்கூட தங்கவில்லை என்கிற கட்டத்தில் ஒரு வாரம் என்பது இன்னும் ஏழு நாள் குமட்டல். "சீக்கிரம் பண்ணிவிட்டோம்" என்று எழுதுகிறவர்களைவிட, "இழுத்தடித்துவிட்டோம்" என்று வந்து அழுதவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தெருவில் பிறந்து எங்கள் வீட்டில் வளர்ந்த நாய். திடீரென்று வாயை மூட முடியாமல் எச்சில் ஒழுகியது, பின்கால் இழுத்துக்கொண்டது. நான்காம் நாள் செத்துவிட்டது. யாரையும் கடிக்கவில்லை. எலும்பு சிக்கியிருக்கும் என்று என் கணவர் வாய்க்குள் கையை விட்டுப் பார்த்தார். மனசு ஆறவே இல்லை. – வாசகி, மணப்பாறை

இந்த அம்மாவிடம் கடிதம் வந்த அன்றே போனில் பேசிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

அழுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், இன்றைக்கே. வெறிநோய் என்றால் துரத்தித் துரத்திக் கடிக்கும் என்றுதான் நினைக்கிறோம். வாய் தொங்கி, குரல் மாறி, பேசாமல் ஒரு மூலையில் கிடந்து சாகிற வகையும் உண்டு. அதில்தான் வீட்டுக்காரர்கள் ஏமாந்து வாய்க்குள் கை விடுகிறார்கள். கையில் நகக்கீறல் அளவு புண் இருந்தாலும் எச்சில் பட்டது கடிபட்டதற்குச் சமம். கை விட்டவர், எச்சில் துடைத்தவர், தட்டு கழுவியவர் எல்லோரும் போய்க் காட்டுங்கள். முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து, 0, 3, 7, 28 என்ற நாள் கணக்கில் கையில் போடும் ஊசி, இலவசம். புண் இருந்தவருக்கு, உடனே காக்கும் எதிர்ப்பு மருந்தான இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும், மறக்காமல் கேளுங்கள். தொப்புளைச் சுற்றிக் குத்திய காலம் எல்லாம் மலையேறிவிட்டது. ஆனால் மனிதனுக்கு அறிகுறி வந்த பிறகு வைத்தியம் கிடையாது என்பது மட்டும் இன்னும் மாறவில்லை. நாயைப் புதைத்தாயிற்று என்றால் தோண்ட வேண்டாம்.

நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். மூன்று மாத ராஜபாளையம் குட்டி. ரத்தமாகப் பேதி, வாந்தி, மூன்றே நாளில் போய்விட்டது. பரீட்சை முடியட்டும், தடுப்பூசி போடலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். போட்டிருந்தால் பிழைத்திருக்குமா சார்? – மாணவி, விருதுநகர்

நீ சொல்லும் அறிகுறி பார்வோ வைரஸுடையது போலத்தான் இருக்கிறதும்மா. போட்டிருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு மிக அதிகம். மழுப்பினால் நாளைக்கு நீயே படித்துத் தெரிந்துகொண்டு என்னைத் திட்டுவாய். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும்வரை போட வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி சிலசமயம் ஊசியையே வேலை செய்ய விடாது. அதனால்தான் ஒன்றோடு நிறுத்தாமல் பல தடவை. ஒழுங்காகப் போட்ட வீட்டிலும் எப்போதாவது குட்டி போவதுண்டு.

உன் அப்பா செய்தது, எனக்குத் தெரிந்த நூறு வீட்டில் நடப்பதுதான். அவரும் உன்னிடம் சொல்லாமல் இதையேதான் நினைத்துக்கொண்டிருப்பார். இந்தப் பதிலை அவரிடமும் காட்டு.

அடுத்த குட்டி உடனே வேண்டாம். இந்த வைரஸ் மண்ணில், அதுவும் நிழலான இடத்தில், மாதக்கணக்கில், ஒரு வருடம்வரைகூட இருக்கும். டெட்டால் எதுவும் செய்யாது. சிமென்ட் தரையைக் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடு. மண்தரையில் அது பலிக்காது, வெயில்தான் கொஞ்சம் உதவும். ஆசையை அடக்க முடியாவிட்டால், எல்லா ஊசியும் போட்ட வளர்ந்த நாயாகக் கொண்டுவரலாம்.

"ஒரு நாய்க்குப் போய் இப்படியா?" என்கிறார்கள் வீட்டில். ஆபீஸில் லீவ் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. – வாசகர், திருவண்ணாமலை

லீவுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். சொந்த வேலை என்று எழுதிக் கொடுங்கள்.

வீட்டுக்காரர்களுக்கு மட்டும், தருமரோடு மலையேறிய நாயின் கதை வேண்டாம், அதை எல்லோரும் சொல்லிச் சலித்துவிட்டார்கள். உங்கள் மாவட்டத்திலேயே எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலம், ஏழாம் நூற்றாண்டு. சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அதில் அவன் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கி, பெயரையும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதாம். கல் கிடைப்பதும் தச்சன் கிடைப்பதும் எளிதில்லாத காலத்தில் ஒரு நாயின் பெயருக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உள்ளவர்களையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

காலையில் நன்றாகச் சாப்பிட்டது, விளையாடியது. சாயங்காலம் இல்லை. யாரோ விஷம் வைத்துவிட்டார்களா? – வாசகர், சேலம்

வைத்திருக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன்னால் கொஞ்சம் கேளுங்கள்.

என் வீட்டு ராணி ஜெர்மன் ஷெப்பர்டு, ஒன்பது வயது. அன்று காலை தயிர்சாதத்தை வழித்து நக்கிவிட்டுத்தான் போனாள். மாலை நான் டிஸ்பென்சரியிலிருந்து வந்தபோது ஸ்கூட்டர் சத்தம் கேட்டும் வாசலுக்கு வரவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. வயிற்றைத் தொட்டால் தண்ணீர்ப்பை போலத் ததும்பியது. மண்ணீரலில் இருந்த கட்டி வெடித்து, உள்ளுக்குள்ளேயே ரத்தம் முழுக்கக் கொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த ஒரு மணி நேரத்தில் போய்விட்டாள். நடுத்தர வயதைத் தாண்டிய பெரிய ஜாதி நாய்களுக்கு இது வரும். வெடிக்கும்வரை பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது. தினமும் பத்து நாயின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிற எனக்கே வீட்டில் இருந்த வயிறு தெரியவில்லை. அதன் பிறகு ஒரு மாதம், "முன்னாடியே கவனிக்கலையா?" என்று எந்த வீட்டுக்காரரையும் நான் கேட்கவில்லை.

இனி யாருக்காவது இப்படி நடந்தால், சந்தேகம் இருந்தால், உடனே அரசு கால்நடை மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். நம் ஊர் வெயிலில் ஒரு இரவு வைத்திருந்தால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

அப்பாவுக்கு 74 வயது, தனியாக இருக்கிறார். அவருடைய நாய் போனதிலிருந்து காலை நடையை விட்டுவிட்டார். பிறந்தநாளுக்குச் சொல்லாமல் ஒரு குட்டி வாங்கித் தரலாம் என்றிருக்கிறேன். – மகள், கோயம்புத்தூர்

வேண்டவே வேண்டாம். குட்டி பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் அப்பா நிச்சயம் போட்டுவிடுவார், வாய்விட்டுச் சொல்ல மாட்டார். அதோடு குட்டி வீடு முழுக்க ஒன்றுக்குப் போகும், குனிந்து துடைக்க வேண்டும், கால் இடறும். இப்போதைக்கு அந்தக் காலை நடையைத்தான் மீட்க வேண்டும். ஆறு மணிக்கு நீங்கள் போன் போட்டு, அவர் நடந்துகொண்டே பேசட்டும். டீக்கடைவரை போனால் போதும். மூன்று நான்கு மாதம் கழித்து அவரே "தெருவில் ஒன்று பின்னாலேயே வருகிறது" என்பார். அது ஐந்தாறு வயது நாட்டு நாயாக இருந்தால் இன்னும் நல்லது. ஊசி, கருத்தடைச் செலவு மட்டும் உங்களுடையது.

இரண்டு நாய்களில் ஒன்று இறந்துவிட்டது. மற்றது வாசலிலேயே படுத்திருக்கிறது, சரியாகச் சாப்பிடவில்லை. – வாசகர், தஞ்சாவூர்

தேடுகிறது. சாப்பாட்டு நேரத்தையும் நடை நேரத்தையும் மாற்றாதீர்கள், இறந்ததன் சாக்கை ஒரு வாரம் துவைக்காமல் விடுங்கள். ஆனால் இரண்டு நாளைத் தாண்டியும் சாப்பிடாவிட்டால் துக்கம் என்று விட்டுவிடாமல் ரத்தம் பாருங்கள். முதல் நாய் உண்ணிக் காய்ச்சலில் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். அதே உண்ணிதான் இதன் காதுக்குள்ளும் இருக்கும்.

பையனுக்கு நான்கு வயது. "தூங்குகிறது" என்று சொல்லி வைத்திருக்கிறோம். – வாசகி, சென்னை

மாற்றிச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் இன்றைக்கு ராத்திரி அவன் தூங்கப் பயப்படுவான். "செத்துப்போச்சு, இனிமே வராது" என்றே சொல்லலாம். பத்துத் தடவை கேட்பான், பத்துத் தடவையும் அதையே சொல்லுங்கள்.

மிச்சமிருக்கும் தீனி, மாத்திரை, தட்டு, சங்கிலி எல்லாவற்றையும் என்ன செய்வது? – வாசகர், மதுரை

தீனியைத் தெருநாய்களுக்குச் சோற்றோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து போடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் அவற்றுக்கு வயிற்றால் போகும். மாத்திரையை இன்னொருவர் நாய்க்குக் கொடுக்காதீர்கள், எடை பார்த்துக் கொடுத்தது அது. தட்டு உங்கள் இஷ்டம். சங்கிலி எங்கள் வீட்டில் ஆணியிலேயேதான் இன்னும் தொங்குகிறது. துணிக்கொடி அறுந்துபோன ஒரு மழைநாளில் என் மனைவி அதன் ஒரு முனையைச் சங்கிலியில் முடிந்துவிட்டாள், அப்படியே இருக்கிறது.