மச்சான் பேரில் வயல் வாங்கலாமா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டம். இந்தியக் குடியுரிமைதான். மலேசியாவில் வேலை பார்த்தபோது இந்தோனேசியப் பெண்ணை 2014-இல் நிக்காஹ் செய்தேன். இப்போது மத்திய ஜாவாவில், ஸ்ராகென் மாவட்டத்தில் மனைவியின் கிராமத்தில் இருக்கிறோம். ஒரே மகன், அவனுக்கு இந்தோனேசியப் பாஸ்போர்ட் மட்டும்தான். மனைவியின் தாத்தா பேரில் ‘லெட்டர் சி’ என்கிற ஊர்ப் பதிவேட்டில் இருக்கும் 900 சதுர மீட்டர் மனையில் என் பணத்தில் வீடு கட்டியிருக்கிறேன். தாத்தா, பாட்டி, மாமனார், மாமியார் யாரும் இப்போது இல்லை. மச்சான் ஒருவர் இருக்கிறார். மாமனாரின் தங்கை சுமத்ரா தீவில், லாம்புங்கில் இருக்கிறார். இப்போது ஒரு வயல் விலைக்கு வருகிறது. “வெளிநாட்டுக்காரரைக் கட்டியவள் பேரில் வாங்க முடியாது, என் பேரில் வாங்கி உங்களுக்குப் பவர் எழுதித் தருகிறேன்” என்கிறார் மச்சான். வாங்கலாமா? வீட்டுக்கு ஆபத்து உண்டா? எலித் தொல்லைக்காக மச்சான் தன் வயலைச் சுற்றிக் கம்பி கட்டி, எங்கள் வீட்டு மீட்டரிலிருந்து கரண்ட் எடுக்கிறார். அதில் பிரச்சினை வருமா? இரவு ரோந்துக்கு நானும் போக வேண்டுமா?

பதில்: நிலத்தை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தக் கம்பியைக் கழற்றச் சொல்லுங்கள், இன்று சாயங்காலத்துக்குள்.

மூங்கில் குச்சி நட்டு, சேற்றுக்கு ஒரு சாண் உயரத்தில் உறையில்லாத கம்பியை இழுத்துவிடுகிற இந்த ஏற்பாடு ஜாவாவின் நெல் வட்டாரங்களில் எத்தனையோ உயிர்களைக் குடித்திருக்கிறது. ஸ்ராகென் அதில் முன்வரிசையில் இருக்கிற மாவட்டம். பல சமயம் செத்தது கம்பி கட்டியவரேதான். விடியற்காலையில் எலி பொறுக்க ஈரக்காலோடு வயலில் இறங்கியவர். “பியூஸ் போய்விடும், ஒன்றும் ஆகாது” என்று மச்சான் சொல்வார். உங்களுடையது 900 வி.ஏ. இணைப்பாக இருந்தால், 4 ஆம்பியரைத் தாண்டினால்தான் அந்த பிரேக்கர் விழும். ஓர் ஆள் சாக அதில் பத்தில் ஒரு பங்கே தாராளம்.

சட்டம் என்ன சொல்கிறது? அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டு வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்தின் 359-ஆம் பிரிவிலும் அப்படித்தான். 2026 ஜனவரி 2 முதல் அமலில் உள்ள புதிய சட்டத்திலும் அப்படித்தான். கம்பி மச்சானுடையது என்றாலும் கரண்ட் உங்கள் வீட்டிலிருந்து போகிறது, அதுவும் உங்களுக்குத் தெரிந்தே. விசாரணையில் முதலில் கூப்பிடப் போவது உங்களையும் மனைவியையும்தான். எலிக்கு வேறு வழி வேண்டுமென்றால் பக்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது: டெமாக் மாவட்டத்தின் த்லோகோவெரு கிராமத்தில் வயல் நடுவே கூண்டு நட்டுக் கூகைகளை வளர்க்கிறார்கள்.

இனி வயல். மச்சான் சொல்வது பச்சையான பினாமி ஏற்பாடு. இந்தோனேசியாவின் 1960-ஆம் ஆண்டு அடிப்படை நிலச் சட்டத்தில் 21-ஆம் பிரிவு, முழு உடைமை உரிமையான ‘ஹக் மிலிக்’ குடிமக்களுக்கு மட்டுமே என்கிறது. சுற்றி வளைத்து அதை வெளிநாட்டவர் கைக்குக் கொண்டுபோகும் எந்த ஏற்பாடும் 26-ஆம் பிரிவின்படி செல்லாது. நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்க முடியாது. அரசு வரை போகாமல் உங்களுக்கும் மச்சானுக்கும் தகராறு என்று வந்தாலோ, உச்ச நீதிமன்றத்தின் 2020-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை இருக்கிறது: யார் பணத்தில் வாங்கியிருந்தாலும், சான்றிதழில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். ரத்து செய்ய முடியாத பவர் எழுதி நிலத்தைக் கைமாற்றுவதை 1982-லேயே தடை செய்துவிட்டார்கள். 10,000 ரூப்பியா ஸ்டாம்ப் ஒட்டிய ரசீதும் அப்படித்தான். பணம் கைமாறியது என்பதற்குச் சாட்சியாகுமே தவிர, நிலத்தை மாற்றிவிடாது. மச்சான் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்கு நாளை ஒன்று ஆகிவிட்டால் அவர் மனைவி மக்கள்தான் வாரிசு, நீங்கள் இல்லை.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே திருமணத்துக்குப் பின் வாங்குவதெல்லாம் கூட்டுச் சொத்து. உங்கள் மனைவி வயல் வாங்கினால் பாதி உங்களுடையதாகிவிடும், அதுதான் சிக்கல். சொத்தைப் பிரித்து வைக்கும் ஒப்பந்தத்தை நிக்காஹுக்கு முன்போ அன்றோதான் எழுத முடியும் என்பது பழைய விதி. ஜப்பானியரை மணந்த ஓர் இந்தோனேசியப் பெண்மணி, தன் பணத்தில் ஜகார்த்தாவில் ஃபிளாட் வாங்கப் போய் இதே காரணத்தால் முடியாமல் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனார். 2016 அக்டோபரில் தீர்ப்பு வந்தது: திருமணத்துக்குப் பிறகும் எழுதலாம்.

ஆகவே முதலில் நோட்டரியிடம் போய் இருவரும் ஒப்பந்தம் எழுதுங்கள். நீங்கள் முஸ்லிம் தம்பதி என்பதால் அதை வட்டார மத விவகார அலுவலகமான ‘கே.யு.ஏ’வில் பதிவு செய்யுங்கள். அது முடிந்த பிறகு மனைவி தன் பேரிலேயே, ‘பி.பி.ஏ.டி’ என்கிற நிலப் பத்திர அதிகாரி முன்னால் கிரயம் செய்யட்டும். விவசாய நிலத்துக்கு வெளியூர்க்காரர் உரிமையாளராகக் கூடாது என்று ஒரு விதி இருப்பதால், மனைவியின் அடையாள அட்டையில் முகவரி அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். வாங்குபவர் வரி 5 சதவீதம், விற்பவர் வரி 2.5 சதவீதம். இரண்டையும் வாங்குபவர் தலையில் கட்டுவது அங்கே சகஜம். விலை பேசும்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

இதில் உங்களுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டால், நேராகச் சொல்கிறேன்: வயலில் ஒன்றுமில்லை. நாளை மணமுறிவு என்றாலும் கேட்க முடியாது. அதற்கு மனசு ஒப்பவில்லை என்றால் வயலை விட்டுவிடுங்கள். அங்கே வெளிநாட்டவருக்கு ‘ஹக் பக்காய்’ என்ற பயன்பாட்டு உரிமை உண்டுதான், ஆனால் வசிக்கும் வீட்டுக்கு என்று வைத்தது. நெல் வயலுக்கு அது ஒத்துவராது.

வீட்டு மனை விஷயத்தில் எனக்கு இதைவிடக் கவலை அதிகம். லெட்டர் சி என்பது ஊர் அலுவலகத்துப் பழைய வரிப் பதிவேடு. நம் ஊரில் வீட்டு வரி ரசீதைக் காட்டி வீடு என்னுடையது என்று சொல்வது மாதிரிதான் அதைக் காட்டுவதும். 2021 பிப்ரவரி 2-இல் வந்த அரசு ஒழுங்குமுறை எண் 18, இத்தகைய பழைய ஆவணங்களைப் பதிவு செய்ய ஐந்தாண்டுக் கெடு கொடுத்தது. அந்தக் கெடு 2026 பிப்ரவரி 2-ஓடு சரி. அதற்குப் பிறகு லெட்டர் சி உரிமைச் சான்று ஆகாது, பதிவுக்கு உதவும் குறிப்பு மட்டுமே. பயப்பட வேண்டாம், நிலம் பறிபோகாது. 20 ஆண்டுக்கு மேல் குடும்பத்தின் அனுபவத்தில் இருப்பதைச் சாட்சிகளோடு காட்டி இன்னும் சான்றிதழ் வாங்கலாம்.

சிக்கல் லாம்புங் அத்தையிடம் இருக்கிறது. ஷரீஅத் தொகுப்புச் சட்டப்படி மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. வேறு வாரிசு யாரும் இல்லை என்று வைத்தால், தாத்தா சொத்தில் மாமனாருக்கு 600 சதுர மீட்டர், அத்தைக்கு 300. அந்த 600-இல் மச்சானுக்கு 400, உங்கள் மனைவிக்கு 200. அதாவது ஊரை விட்டுப் போன அத்தைக்கு உங்கள் மனைவியைவிட அதிகப் பங்கு! வீடும் முற்றமும் சேர்ந்து 200-க்குள் அடங்குமா என்று அளந்து பாருங்கள். ஆனால் அதே தொகுப்பின் 183-ஆம் பிரிவு, அவரவர் பங்கு தெரிந்த பிறகு வாரிசுகள் சமாதானமாக வேறு மாதிரிப் பிரித்துக்கொள்ள இடம் தருகிறது. ஜாவா கிராமங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகப் பிரிப்பதும் உண்டு. நோன்புப் பெருநாளுக்கு அத்தை ஊருக்கு வருவார் என்றால் அதுதான் பேசுவதற்கு நேரம். அவர் கையெழுத்து இல்லாமல் வாரிசுச் சான்று எழுதிச் சான்றிதழ் வாங்கினால், பின்னால் அவரோ அவர் பிள்ளைகளோ வழக்குப் போட்டு அதை உடைக்கலாம்.

பங்கு பிரித்துக் கையெழுத்தானதும், ஊர் நிலங்களை மொத்தமாக அளந்து சான்றிதழ் தரும் நிலத் துறையின் ‘பி.டி.எஸ்.எல்’ திட்டம் உங்கள் கிராமத்துக்கு வருகிறதா என்று ஊர் அலுவலகத்தில் கேளுங்கள். ஜாவாவில் அதன் முன்னேற்பாட்டுக் கட்டணம் 1,50,000 ரூப்பியா என்று மூன்று அமைச்சர்களின் கூட்டு ஆணையே இருக்கிறது. அளக்க வரும் நாளில் எல்லைக்கல் நட்டு, பக்கத்து நிலக்காரர்களை நிற்கவைத்துக் கையெழுத்து வாங்குங்கள். மனைவிக்கு வருவது பாரம்பரியச் சொத்து என்பதால் அதில் கூட்டுச் சொத்துப் பேச்சே எழாது.

நிலம் ஒருவருக்கும் வீடு இன்னொருவருக்கும் இருக்கலாம் என்பது அங்குள்ள மரபுச் சட்டத்தின் கொள்கை. நோட்டரியிடம் போகும்போதே கட்டடச் செலவு உங்களுடையது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மரத்துக்கும் ஓட்டுக்கும் சிமென்ட்டுக்கும் வாங்கிய ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். மனைவிக்கு ஏதாவது ஆகி நிலத்தில் உங்களுக்கு வாரிசுப் பங்கு வந்தால், ஓராண்டுக்குள் தகுதியுள்ளவருக்கு மாற்றிவிட வேண்டும். மகன் பேருக்கு மாற்றலாம்.

ரோந்துக்குப் போங்கள். போக முடியாத இரவுக்கு ஊர் வழக்கப்படி காசு கொடுத்துவிடலாம், அதற்காக யாரும் வழக்குப் போட மாட்டார்கள். திருடன் பிடிபட்டால் மட்டும் கூட்டத்தோடு சேர்ந்து கை ஓங்காதீர்கள். கூட்டாக அடிப்பது தனிக் குற்றம், அதற்கும் 5 ஆண்டு வரை சிறை உண்டு. உங்களுக்கு அதோடு நாடு கடத்தலும் சேரும். ‘ஆர்.டி.’ என்கிற அக்கம்பக்கக் குழுவின் தலைவரை எழுப்பிவிட்டு, போலீஸ் எண் 110-க்குப் போன் போடுங்கள்.