கற்பனைப் போர்க்கப்பல் வரைகிறவர்களுக்கு: டிரெட்நாட் காலத்துக் கேள்வி பதில்

கதைக்காகவும் விளையாட்டுக்காகவும் 1905-லிருந்து 1914 வரையிலான காலத்துப் போர்க்கப்பல்களைக் கற்பனையாக வரைகிற நண்பர்கள் கேள்விகள் அனுப்பியிருந்தீர்கள். டிரெட்நாட் என்பது பிரிட்டன் 1906-ல் முடித்த போர்க்கப்பலின் பெயர்; அதன் மாதிரியில் பிறகு கட்டியவற்றையும் அப்படியே அழைத்தார்கள். எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: சார், என் கதையில் ஒரு தீவு நாடு 1908-ல் போர்க்கப்பல் கட்டுகிறது. 18,000 டன், 15 அங்குலப் பீரங்கி பன்னிரண்டு, 28 நாட் (மணிக்கு 28 கடல் மைல்) வேகம், 11 அங்குலக் கவசம். காட்டினால் எல்லோரும் "நடக்காது" என்கிறார்கள். எங்கே இடிக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

பதில்: மூன்று இடத்தில் இடிக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் வருஷம். 1908-ல் எந்த நாட்டு டிரெட்நாட்டிலும் 15 அங்குலப் பீரங்கி கிடையாது. பிரிட்டன் 12 அங்குலத்தைத் தாண்டி 13.5-க்குப் போனதே 1909-ல் கட்டத் தொடங்கிய ஓரியன் கப்பலில்தான். 15 அங்குலம் 1912-ல் தொடங்கிய குயீன் எலிசபெத் கப்பலில் வந்தது.

அடுத்து எடை. அன்றைய பிரிட்டிஷ் 12 அங்குலப் பீரங்கியின் குழாய் மட்டும் ஏறத்தாழ 58 டன். 15 அங்குலம் ஏறத்தாழ 100 டன். குண்டு 386 கிலோவிலிருந்து 871 கிலோவாகிறது. குழாயின் விட்டம் கால் பங்குதான் கூடுகிறது, குண்டின் எடையோ இரண்டு மடங்குக்கு மேல் போய்விடுகிறது. அந்தக் குண்டை அடியிலிருந்து ஏற்றும் லிஃப்ட், அதைத் தாங்கும் டரெட் (பீரங்கியோடு சுழலும் கவசக் கூடு), டரெட்டைச் சுற்றியுள்ள கவசம் எல்லாம் கூடவே பெரிதாகும். குயீன் எலிசபெத்தை 27,500 டன்னுக்குத் திட்டமிட்டார்கள். அதில் பீரங்கி எட்டே எட்டு.

மூன்றாவது வேகம். 1906-ல் முடிந்த டிரெட்நாட் 23,000 குதிரைத்திறனில் 21 நாட் போனது. வேகம் கூடக்கூட, தேவைப்படும் திறன் ஏறக்குறைய அதன் மூன்றாம் படியில் ஏறும். அதே கணக்கில் 25.5 நாட் வேகத்துக்கு என்ன வருகிறது, போட்டுப் பாருங்கள்: 41,000. டிரெட்நாட்டுக்கு அடுத்து வந்த இன்வின்சிபிள் வகுப்புக்கு (வகுப்பு என்றால் ஒரே வரைபடத்தில் கட்டும் கப்பல்களின் தொகுதி) வைத்த திறனும் அதேதான், 41,000! கொதிகலன் 18 இருந்த இடத்தில் 31 ஆனது. அதற்கு என்ன விலை கொடுத்தார்கள்? பீரங்கி பத்திலிருந்து எட்டாயிற்று. கப்பல் சுமார் 12 மீட்டர் நீண்டது. பக்கக் கவசம் 11 அங்குலத்திலிருந்து 6 அங்குலமாக இளைத்தது. இத்தனைக்கும் எடை கிட்டத்தட்ட அதே அளவுதான். நீங்கள் கேட்கும் 28 நாட் வேகத்துக்குக் குறைந்தது 55,000 வேண்டும். உண்மையில் இன்னும் கூடுதலாகவே ஆகும்.

உங்கள் நாட்டுக்கு என் யோசனை: 16,000 டன், 12 அங்குலம் எட்டு, 18.5 நாட். கேட்க ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அமெரிக்காவின் சவுத் கரோலைனா வகுப்பு அப்படித்தான் இருந்தது. 16,000 டன்னுக்கு மேல் கூடாது என்று அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் போட்ட வரம்புக்குள், நான்கு டரெட்டையும் நடுக்கோட்டில் வைத்து, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றை உயர்த்தி, எட்டுப் பீரங்கியும் எந்தப் பக்கமும் சுடும்படி செய்தார்கள். பத்துப் பீரங்கி வைத்த டிரெட்நாட்டும் ஒரு பக்கத்துக்கு எட்டைத்தான் காட்ட முடியும். தன் கடலைக் காக்கும் தீவு நாட்டுக்கு வேகத்தை விட்டுக்கொடுப்பது புத்திசாலித்தனமான முடிவு.

கேள்வி: டரெட்டுகளை உயர்த்தி வைப்பது அவ்வளவு நல்லது என்றால் எல்லோரும் ஏன் அதையே செய்யவில்லை?

பதில்: மேல் டரெட் சுடும்போது வரும் காற்றடியும் அதிர்வும் கீழ் டரெட்டில் இருப்பவர்களைத் தாக்கும். பிரிட்டிஷ் டரெட்டுகளின் கூரையில் குறிபார்ப்பவர்களுக்கான திறந்த கூண்டுகள் இருந்தன. அதனால் ஓரியனில் உயர்த்திய டரெட் வைத்த பிறகும், மேல் டரெட் நேர் முன்னால் சுட முடியாமல் போனது.

ஜெர்மனிக்கு வேறு சிக்கல். அவர்களுடைய நாசாவ் வகுப்பில் டர்பைன் (நீராவியால் சுழலும் புதிய வகை எஞ்சின்) இல்லை, பழைய பிஸ்டன் எஞ்சின். அது கப்பலின் நடுவயிற்றை அடைத்துக்கொண்டது. டரெட்டுகளை ஓரங்களுக்குத் தள்ள வேண்டியதாயிற்று. 12 பீரங்கி இருந்தும் ஒரு பக்கம் சுட்டது எட்டுதான். ஓரத்து டரெட்டின் வெடிமருந்து அறையும் கப்பல் விளிம்பை ஒட்டியே வரும், டார்பிடோ பட்டால் ஆபத்து. உங்கள் நாட்டில் டர்பைன் செய்ய ஆள் இல்லை என்று கதையில் எழுதியிருந்தால், டரெட்டுகளும் இப்படித்தான் அமைய வேண்டும். எஞ்சின் ஒன்று, அமைப்பு வேறொன்று என்று வரையாதீர்கள்.

கேள்வி: அண்ணா, வரைய உட்கார்ந்ததும் முதல் கோடு எதில் போடுவது? பீரங்கியிலா, வேகத்திலா?

பதில்: உலர்துறையில், தம்பி; தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலைப் பழுது பார்க்கும் டாக் அது. கட்டிய கப்பல் பழுது பார்க்க எந்த டாக்குக்குள் போகும்? அதன் அகலமும் ஆழமும்தான் உங்கள் முதல் எல்லை. டிரெட்நாட் காலத்துக் கப்பல்கள் நுழைய வேண்டும் என்றுதான் ஜெர்மனி 1907-லிருந்து 1914 வரை கீல் கால்வாயையே அகலப்படுத்தியது.

அப்புறம் ஒரு பெருக்கல். நீளம், அகலம், நீருக்குள் இருக்கும் ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்குங்கள். உடல் பெட்டி மாதிரி இல்லாமல் வளைந்திருப்பதற்காக 0.56 அளவில் ஒரு எண்ணால் பெருக்குங்கள். கடல்நீருக்காக 1.025. டிரெட்நாட்டுக்குத் தோராயமாக 160, 25, 8 என்று போட்டால் 18,300 டன்னை ஒட்டி வருகிறது, உண்மையான எடையும் அந்த அளவுதான். படம் அனுப்பியவர்களில் பலருடைய கப்பல் இந்தச் சோதனையிலேயே நின்றுவிடுகிறது. 140 மீட்டர் நீளத்தில் 25,000 டன் எழுதியிருப்பார்கள். அதன்படி அந்தக் கப்பல் தண்ணீரில் எவ்வளவு ஆழம் இறங்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டால் எந்தத் துறைமுகத்திலும் நுழையாது.

கேள்வி: கவசம் 11 அங்குலம் என்று எழுதினால் போதும்தானே?

பதில்: போதாது. எந்த உயரத்திலிருந்து எந்த உயரம் வரை என்றும் எழுத வேண்டும். டிரெட்நாட்டின் 11 அங்குலக் கவசத்தின் மேல் விளிம்பு, சாதாரண சுமையில் நீர்மட்டத்துக்கு மேல் இரண்டே அடி. நிலக்கரியும் குண்டும் முழுதாக ஏற்றினால் அந்த விளிம்பு ஓர் அடிக்கு மேல் தண்ணீருக்குள் போய்விடும். அப்போது நீர்மட்டத்தைக் காப்பது அதற்கு மேலே இருந்த 8 அங்குலம்தான். முழுச் சுமையோடு போருக்குக் கிளம்பும் கப்பலுக்கு இது எவ்வளவு பெரிய குறை! கட்டி முடிக்கும்போது திட்டத்தைவிட எடை கூடுவது அன்று எல்லா நாட்டிலும் நடந்தது. அதற்கு இடம் விட்டு வரையுங்கள்.

கேள்வி: 20,000 டன்னுக்குள் 12 அங்குலம் பன்னிரண்டு வேண்டும். மூன்று குழாய் டரெட் வைத்தால் முடியுமா?

பதில்: முடியும். நிஜமாகவே செய்தார்கள். ஆஸ்திரிய-ஹங்கேரியின் விரிபஸ் யூனிட்டிஸ் வகுப்பு: 20,000 டன், நான்கு டரெட்டில் மும்மூன்றாக 30.5 சென்டிமீட்டர் பீரங்கி பன்னிரண்டு, கவசம் 280 மில்லிமீட்டர், வேகம் 20 நாட். தாளில் பார்த்தால் இவ்வளவு சிக்கனமான கப்பல் வேறு இல்லை என்றே தோன்றும்.

அந்தச் சிக்கனத்துக்கான விலை 1918 ஜூன் 10 அதிகாலையில் தெரிந்தது. அதே வகுப்பைச் சேர்ந்த செண்ட் இஷ்ட்வான் கப்பலை ஒரு சின்ன இத்தாலிய டார்பிடோ படகு இரண்டு டார்பிடோவால் அடித்தது. தண்ணீர் கொதிகலன் அறைகளுக்குள் பரவி, கப்பல் வலப்பக்கம் சாயத் தொடங்கியது. சாய்வைக் குறைக்கக் கனமான டரெட்டுகளை எதிர்ப்பக்கம் திருப்பிப் பார்த்தார்கள், கைக்கெட்டிய குண்டுகளைக் கடலில் போட்டார்கள். எதுவும் உதவவில்லை. மூன்று மணி நேரத்துக்குள் கவிழ்ந்துவிட்டது. சிறிய உடலில் இவ்வளவு எடையை உயரத்தில் வைத்தால், நீருக்கடியில் பாதுகாப்புக்கு விட இடம் இருக்காது. உங்கள் கப்பலுக்கும் இதே பலவீனம் இருக்கட்டும். கதைக்கு அது பெரிய வலு.

கேள்வி: அகலத்தைக் கூட்டினால் கப்பல் ஆடாமல் நிற்கும் என்று நினைக்கிறேன். சரியா?

பதில்: கவிழாமல் நிற்கும், ஆடாமல் நிற்காது. அகலம் கூடினால் கப்பல் விறைப்பாகி, சாய்ந்த உடனே வெடுக்கென்று திரும்பும். குறிபார்ப்பவனுக்கு அது பெரிய தொல்லை. நாசாவ் வகுப்பில் ஓரத்து டரெட்டுகளின் எடை ஆட்டத்தை மெதுவாக்கும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் கப்பலின் இயல்பான ஆட்டமும் வடகடல் அலையின் தாளமும் ஒத்துப்போய், மோசமாக உருண்டது. பிறகு அடிப்பக்கத்தில் துடுப்புப் பலகைகள் மாட்டித்தான் சரிசெய்தார்கள்.

கேள்வி: எண்ணெயா, நிலக்கரியா?

பதில்: 1912-க்கு முன் என்றால் நிலக்கரி, மேலே தெளிக்கக் கொஞ்சம் எண்ணெய். குயீன் எலிசபெத்துக்கு முழுக்க எண்ணெய் என்று முடிவெடுத்த பிரிட்டன், 1914-ல் ஆங்கிலோ-பெர்ஷியன் ஆயில் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கையே அரசுக்கு வாங்க வேண்டியிருந்தது. உங்கள் நாட்டுக்கு எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு அப்புறம் எண்ணெய்க் கொதிகலன் வையுங்கள். இன்னொன்று: பக்கவாட்டில் அடுக்கிய நிலக்கரியே குண்டுக்கும் தண்ணீருக்கும் தடுப்பாக வேலை செய்தது. எண்ணெய்க்கு மாறினால் அந்தத் தடுப்பு போய்விடும்.

கேள்வி: என் நாட்டில் கப்பல் கட்டும் தளமே கிடையாது. வெளியில் வாங்கலாமா?

பதில்: தாராளமாக. பிரேசில் அப்படித்தான் இங்கிலாந்தின் ஆர்ம்ஸ்ட்ராங் நிறுவனத்திடம் மினாஸ் ஜெராயிஸை வாங்கியது. 1910-ல் கைக்கு வந்தபோது உலகின் வலிமையான போர்க்கப்பல்களில் அது ஒன்று. அதே ஆண்டு நவம்பரில், சவுக்கடி தண்டனையை எதிர்த்து ஜுவாவ் கண்டிடு தலைமையில் மாலுமிகள் கிளர்ந்தெழுந்து, அந்தப் பீரங்கிகளைத் அன்றைய தலைநகர் ரியோவின் பக்கமே திருப்பினார்கள். புதிய இயந்திரத்தை வாங்கிய நாடு தன் மாலுமிகளைப் பழைய காலத்துக் கொடுமையிலேயே வைத்திருந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். கப்பலை வரைகிறவர்கள் அதில் வாழும் ஆட்களையும் யோசிக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

வாங்குவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. துருக்கிக்காக முடியும் தறுவாயில் இருந்த சுல்தான் உஸ்மான் என்ற கப்பலை 1914 ஆகஸ்டில் பிரிட்டன் தனக்கே எடுத்துக்கொண்டது. ஏழு டரெட், 14 பீரங்கியோடு அதுதான் அஜின்கோர்ட் ஆனது.

கேள்வி: கப்பல் வடிவமைக்கும் மென்பொருளான ஸ்பிரிங்ஷார்ப்பில் போட்டேன், எல்லா எண்ணும் சரியாக வருகிறது. ஆனாலும் கப்பலில் உயிரில்லை. என்ன குறை?

பதில்: குறையே இல்லாததுதான் குறை. அந்த மென்பொருள் எடையையும் திறனையும் பார்க்கும். எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

டிரெட்நாட்டின் முன்கம்பத்தைக் கவனியுங்கள். அதன் உச்சியில்தான் குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்பவர்கள் நிற்பார்கள். அந்தக் கம்பத்தை முன் புகைபோக்கிக்குப் பின்னால் நட்டார்கள்! கப்பல் முன்னேறும்போது சூடும் புகையும் நேராக அவர்கள் முகத்தில். ஏன் இப்படி? படகுகளைத் தூக்கி இறக்கும் கிரேன் கையைக் கம்பத்தின் காலில் பொருத்த வசதியாக இருந்தது. அடுத்த பெல்லரஃபான் வகுப்பில் திருத்தினார்கள். பிறகு கொலோசஸிலும் ஓரியனிலும் மறுபடி பழையபடியே வைத்தார்கள்.

படகு தூக்கும் வசதிக்காக உலகின் முதல்தரக் கப்பல் கண்ணைக் கட்டிக்கொண்டது என்பதை எந்த மென்பொருளும் காட்டாது. உங்கள் கப்பலுக்கும் இப்படிக் காரணத்தோடு ஒரு குறை கொடுங்கள். யார் பிடிவாதம் பிடித்தார்கள், எந்தப் பணம் வரவில்லை என்று எழுதுங்கள். ஜப்பானின் சட்சுமாவுக்கு 12 அங்குலம் பன்னிரண்டு திட்டமிட்டு, அவ்வளவு பீரங்கி கிடைக்காமல் நான்கோடு நிறுத்தி, மீதி இடத்தில் 10 அங்குலம் வைத்தார்கள். அந்த ஒரு மாற்றத்தில் ஒரு நாட்டின் அன்றைய நிலைமையே தெரிந்துவிடுகிறது.

கேள்வி: கடைசியாக ஒன்று. ஒரு வகுப்பில் எத்தனை கப்பல் வைக்கலாம்?

பதில்: பெரிய நாட்டுக்கு மூன்று அல்லது நான்கு. பெல்லரஃபான் வகுப்பு மூன்று, நாசாவ் நான்கு. சின்ன நாடு இரண்டு வாங்கவே திணறும். ஆனால் ஒன்று எப்போதும் பழுது பார்க்கும் டாக்கில் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாங்கினால் கடலில் நம்பக்கூடியது ஒன்றுதான்.