பெயின்ட் அடித்தாயிற்று, பள்ளிக்கூடம் ஏன் திறக்கவில்லை? கேள்வி பதில்

எங்கள் பேட்டைத் தொடக்கப்பள்ளி ஜனவரியில் புது வளாகத்துக்கு மாறும் என்று சொல்லியிருந்தார்கள். ஜூன் விடுமுறை முடிந்த பிறகுதான் என்று இப்போது பெற்றோருக்குக் கடிதம் வந்திருக்கிறது. அதுவரை பிள்ளைகள் தற்காலிக வளாகத்திலேயே இருப்பார்கள். கட்டுமானத் தளங்களில் மேற்பார்வையாளராக வெகுகாலம் இருந்தவன் என்பதால் ஆளாளுக்கு என்னிடம் கேள்வி அனுப்பினார்கள். சிங்கப்பூரில் இந்த மாதிரி வேலை எப்படி நடக்கிறது என்பதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, பெயின்ட் அடித்துப் பெயர்ப்பலகையும் மாட்டிவிட்டார்கள். தினமும் பஸ்ஸிலிருந்து பார்க்கிறேன். இதற்குமேல் உள்ளே என்னதான் செய்கிறார்கள்? (இரண்டு பிள்ளைகளின் அம்மா)

சைட்டில் இருப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்குகிற கட்டமே இதுதான் தங்கச்சி. டிஓபி வாங்க வேண்டும். கட்டடத்துக்குள் ஆட்கள் புழங்கலாம் என்று கட்டட, கட்டுமான ஆணையம் தருகிற தற்காலிக அனுமதி அது. அதற்கு முன்னால் தீயணைப்பு ஏற்பாடுகளுக்குக் குடிமைத் தற்காப்புப் படை, கழிவுநீருக்கும் வடிகாலுக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம், வாசல் சாலைக்கு நிலப் போக்குவரத்து ஆணையம் என்று ஒவ்வொருவரிடமும் சரி வாங்கியாக வேண்டும். மின்தூக்கிக்குத் தனி அனுமதி.

தீயணைப்புச் சோதனை நாளில் மெயின் மின்சாரத்தை அணைத்துவிடுவார்கள். அவசர விளக்குகள் எரிய வேண்டும், எச்சரிக்கை மணி எல்லா மாடியிலும் கேட்க வேண்டும், மின்தூக்கி தானாகக் கீழே வந்து கதவைத் திறந்து நிற்க வேண்டும். நான்காவது மாடி மூலையில் ஒரே ஒரு மணி ஒலிக்கவில்லை என்றாலும் ஒயரைத் தேடிச் சரிசெய்து, மறுபடி ஆய்வாளருக்குத் தேதி கேட்க வேண்டியதுதான். தாழ்வாரக் கைப்பிடிக் கம்பிகளையும் விடமாட்டார்கள். 100 மில்லிமீட்டர் உருண்டை நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கக் கூடாது, சின்னப் பிள்ளையின் தலை மாட்டிக்கொள்ளும். வெல்டிங் செய்தவர் ஒரு கம்பியைத் தள்ளி வைத்திருந்தால் அந்த வரிசையையே கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். சக்கர நாற்காலிச் சரிவுப்பாதை 1:12க்கு மேல் (12 அடி நீளத்துக்கு ஓரடி உயரம்) செங்குத்தாகப் போய்விட்டால் காங்கிரீட்டையே உடைக்க வேண்டும். இதெல்லாம் பஸ்ஸிலிருந்து தெரியாது.

பள்ளியைக் கட்டும் குத்தகை நிறுவனத்தில் வேலை செய்யும் நண்பர் “சில வாரம்தான் இழுக்கும்” என்கிறார். பள்ளி ஆறு மாதம் என்கிறது. யார் பொய் சொல்கிறார்கள்?

இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள் தம்பி. கடைத்தொகுதி என்றால் எந்தச் செவ்வாய்க்கிழமையும் திறந்துவிடலாம். பள்ளிக்கு அது முடியாது. மேசை நாற்காலி, கணினி, நூலகப் புத்தகம் எல்லாவற்றையும் பழைய இடத்திலிருந்து கொண்டுவந்து அடுக்க விடுமுறை வேண்டும். நீளமான விடுமுறை ஆண்டு இறுதியில் ஒன்று, ஜூனில் நான்கு வாரம் ஒன்று. மார்ச்சில் ஒரு வாரம்தான், அதற்குள் ஒரு பள்ளியைத் தூக்கி வைக்க முடியாது. டிசம்பரில் டிஓபி தவறிப்போய் ஜனவரி கடைசியில் கிடைத்தாலும் ஜூன் வரை பொறுக்க வேண்டியதுதான்.

என்னைக் கேட்டால் பள்ளியின் முடிவு சரி. அரைகுறையாகத் திறந்து, பிள்ளைகள் ஒரு பக்கம் படிக்க மறுபக்கம் துளைபோட்டுக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆசிரியர்கள்தான் பாவம்.

கொவிட் முடிந்து எத்தனை வருஷமாயிற்று! இன்னும் அதையே சாக்காகச் சொல்லலாமா? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

இப்போது அதைச் சொன்னால் நானும் ஏற்கமாட்டேன் டீச்சர். ஆனால் அன்றைக்கு அது சாக்கு இல்லை. 2020 ஏப்ரல் 7 அன்று சர்க்கிட் பிரேக்கர் எனும் கொவிட் முடக்கம் தொடங்கியபோது பெரும்பாலான தளங்கள் மூடப்பட்டன, ஊழியர்கள் தங்குவிடுதிகளுக்குள் முடங்கினார்கள். கட்டுமான ஒப்பந்தங்களுக்கு 122 நாள் கூடுதல் அவகாசத்தைச் சட்டமே கொடுத்தது. 2021 ஏப்ரல் இறுதியில் இந்தியாவிலிருந்து ஆட்கள் வருவதும் நின்றுபோனது. தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையின் இரண்டாம் கட்டம்கூட 2020க்குப் பதிலாக 2021 ஆகஸ்ட் 28 அன்றுதான் திறந்தது. அதிலும் கொவிட் பாதி, கட்டுப்பாட்டு மென்பொருளைச் சரிபார்க்க எடுத்த நேரம் மீதி.

இன்றைய தாமதம் பெரும்பாலும் தரைக்கு அடியில் தொடங்குகிறது. காலாங் பக்கம் கடல் களிமண், புக்கிட் தீமா பக்கம் கருங்கல். மண் பரிசோதனைக்கு அங்கங்கே துளைபோட்டுப் பார்ப்பார்கள், இரண்டு துளைக்கு நடுவே பெரிய பாறை உட்கார்ந்திருந்தால் பைலிங், அதாவது அடித்தளத் தூண்களை மண்ணுக்குள் இறக்கும் வேலை, தொடங்கிய பிறகுதான் தெரியும். 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமாவில் ஒரு சைட்டைத் தோண்டியபோது இரண்டாம் உலகப்போர்க் காலத்து 100 கிலோ குண்டே கிடைத்தது, அக்கம்பக்கத்து வீடுகளைக் காலிசெய்துதான் அதை வெடிக்கவைத்தார்கள்.

அப்புறம் மழை. மின்னல் எச்சரிக்கை வந்தால் டவர் கிரேன் நிற்கும். குழியில் தேங்கிய தண்ணீரைப் பம்பு போட்டு அப்படியே கால்வாயில் விடவும் முடியாது. ஒரு லிட்டரில் 50 மில்லிகிராமுக்கு மேல் மண் கலந்திருக்கக் கூடாது என்பது விதி. மழை விட்டதும் குழித் தண்ணீர் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் இருக்கும். அதைத் தெளியவைத்துத்தான் விட வேண்டும், வெளியேறும் இடத்தில் கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். டிசம்பர், ஜனவரிப் பருவமழையில் இதிலேயே நாள் போய்விடும்.

இரவும் ஞாயிறும் வேலை வாங்கினால் முடிந்துவிடாதா?

வீடுகளிலிருந்து 150 மீட்டருக்குள் இருக்கும் தளத்தில் சனிக்கிழமை இரவு 10 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணி வரை வேலை கிடையாது. விதிவிலக்கு வேண்டுமானால் அனுமதி வாங்க வேண்டும். பள்ளி என்றாலே சுற்றிலும் அடுக்குமாடி வீட்டு புளோக்குகள்தானே. இரவில் சத்தம் போட்டால் முதலில் புகார் கொடுப்பதும் நம் ஆட்கள்தான்!

அண்ணே, நான் அந்த மாதிரி ஒரு சைட்டில் வேலை செய்கிறேன், ஊர் மன்னார்குடி. தேதி நெருங்குகிறது என்று ஓய்வுநாளிலும் வரச் சொல்கிறார்கள். மறுக்கலாமா?

பொதுவாக ஓய்வுநாளில் வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது தம்பி. முதலாளி கேட்டு நீங்கள் அரை நாளுக்கு மேல் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம் தர வேண்டும். ஓவர்டைம் மாதத்துக்கு 72 மணி நேரம்தான், ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 12 மணி நேரம். சம்பளச் சீட்டையும் வேலைநேரக் குறிப்பையும் போனில் படமெடுத்து வையுங்கள். கணக்கு ஒத்துவராவிட்டால் மனிதவள அமைச்சையோ வெளிநாட்டு ஊழியர் நிலையத்தையோ அணுகுங்கள். தூக்கக்கலக்கத்தோடு மட்டும் சாரத்தில் ஏறாதீர்கள். பள்ளி ஆறு மாதம் கழித்தும் திறக்கலாம்.

தாமதத்துக்கு அபராதம் உண்டாமே, பெற்றோருக்கு அதில் பங்கு உண்டா?

கிடையாது. நாள் கணக்கில் பிடிக்கும் தொகை கட்டச் சொன்னவருக்கும் குத்தகையாளருக்கும் இடையிலான விஷயம். காரணம் நியாயமானது என்றால் அவகாசம் நீட்டிப்பார்கள், அந்த நாள்களுக்குப் பிடித்தமும் இல்லை.

புதுச் சிற்றுண்டிச்சாலையில் கடை எடுக்கலாம் என்று அடுப்பு, பாத்திரம் எல்லாம் பார்த்து வைத்திருக்கிறேன். முன்பணம் கட்டலாமா?

பொறுங்கள் அக்கா. கடையின் அளவு, எரிவாயுக் குழாய் வரும் இடம், புகைபோக்கி எல்லாம் நேரில் அளந்து பார்த்த பிறகு அடுப்பு வாங்குங்கள். வரைபடத்தில் உள்ள குழாய் சுவரில் அதே இடத்தில் இருக்கும் என்று நினைக்காதீர்கள். உதவியாளருக்கும் ஜனவரி என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். உணவுக் கடை உரிமம் கிடைக்க ஆகும் நாளையும் கணக்கில் சேர்த்து, எந்தத் தேதியிலிருந்து வாடகை ஓடும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கடைச்சாவி வாங்கும் நாளும் பள்ளி திறக்கும் நாளும் ஒன்றாக இருக்காது.

பெற்றோர் கூட்டத்தில் எதைக் கேட்பது? “எப்போது முடியும்” என்றால் “விரைவில்” என்கிறார்கள்.

தீயணைப்புச் சோதனை முடிந்துவிட்டதா, டிஓபிக்கு விண்ணப்பித்தாயிற்றா என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் ஜூனை நம்பலாம். இல்லை என்றால் பள்ளிப் பேருந்துக்காரரிடம் தற்காலிக வளாகத்துக்கே ஆண்டு முழுவதும் பேசி வையுங்கள், மாறினால் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

என் மகனுக்கு ஆஸ்துமா. புதுப் பெயின்ட் வாசனை ஒத்துக்கொள்ளுமா?

வகுப்பறைகளில் பெரும்பாலும் ஜன்னலும் மின்விசிறியும்தான் என்பதால் வாசனை சீக்கிரம் போய்விடும். குளிரூட்டிய கணினி அறை, இசை அறையில்தான் தங்கும். ஜூனில் அந்த அறைகளைத் திறந்துபோட்டுக் காற்றோட்டம் விடச்சொல்லி அலுவலகத்தில் கேளுங்கள். இன்ஹேலரைப் பையில் வைத்தனுப்பி, வகுப்பு ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.