சின்னப் புள்ளைங்களுக்கு அறிவியல் கவனிப்ப லேப் இல்லாம எப்படி சொல்லித்தர்றது?

தாராளமா சொல்லித்தரலாமுங்க. நானு காரமடை பக்கம் ஒரு அரசு தொடக்கப் பள்ளில மூணாங் கிளாஸ் டீச்சரு, எங்ககிட்ட இருக்கறது நாலு லென்ஸ், ஸ்கேலு, காலி பாட்டிலு, அவ்ளோதான்.

வருசா வருசம் எறும்புலதான் ஆரம்பிப்பேன். ஒன்னுமே சொல்லாம எறும்பு வரைங்க கண்ணுன்னு சொன்னா டக்குனு வரைஞ்சிருவாங்க, நாலு காலு, எட்டு காலு, பின்னாடி குண்டா இருக்குதே அங்க பூரா காலு. தப்புன்னு சொல்ல மாட்டேன், வாங்கி வெச்சுக்குவேன். அப்பறம் பாட்டில்ல ஒரு எறும்பப் புடிச்சுப் போட்டு லென்ஸக் குடுத்து மறுக்கா வரையச் சொன்னா, 6 காலு மிஸ், ஆறும் நடு ஒடம்புலருந்துதான் வருதுன்னு அவங்களே கத்துவாங்க. ரெண்டு படத்தையும் ஒன்னாச் சேத்து செவுத்துல ஒட்டிருவேன்.

எங்கூர்ப் பக்கம் கருவேப்பிலைத் தோட்டம் ஜாஸ்தி, ஆனா அங்க மருந்தடிச்சிருப்பாங்க, அதனால பள்ளிக்கூடக் குழாயடில இருக்கற செடிதான் எங்களுக்கு. ஒரு நாள் ஒரு பையன் வந்து மிஸ் எலை மேல காக்கா பீ கெடக்குதுன்னான். அது பட்டாம்பூச்சிப் புழு, சின்னதுல பறவை எச்சமாட்டவே இருக்கும்னு எனக்குத் தெரியும், ஆனா வாயத் தொறக்கல. மொத வருசமெல்லாம் ஒடனே பேரச் சொல்லிருவேன், பேரு தெரிஞ்சதும் புள்ளைங்க பாக்கறத நிறுத்திட்டு வேற வேலைக்குப் போயிருவாங்க. நீளத்த அளந்து எழுது சாமின்னு மட்டும் சொன்னேன். அடுத்த நாளு ஓடியாந்தான், மிஸ் காக்கா பீ பக்கத்து எலைக்குப் போயிருச்சு!

அன்னைலருந்து கிளாஸே அந்தச் செடிக்கிட்டதான். 8 மில்லிமீட்டர் இருந்தது 4 சென்டிமீட்டர் ஆச்சு, ஒரு நாள் காலைல பாத்தா முழுப் பச்சையா மாறிருந்துச்சு. புல்லுத் தண்டால லேசாத் தொட்டா தலைக்குப் பின்னாடி ரெண்டு செவப்புக் கொம்பு வெளிய வரும், ஒரு வாசமும் அடிக்கும். (ரோமம் இருக்கற கம்பளிப்பூச்சியத் தொட விட்டுராதீங்க, அரிச்சுத் தடிச்சிரும்.)

நோட்டுல நடுவுல ஒரு கோடு போட்டு ஒரு பக்கம் பாத்தது, இன்னொரு பக்கம் நெனச்சதுன்னு எழுத வெப்பேன், இத மட்டுமாவது நீங்க கண்டிப்பாப் பண்ணோணும். ஒரு அம்மிணி பாத்தது பக்கத்துல புழுவுக்குக் கோவம்னு எழுதியிருந்துச்சு, பக்கத்துல இருந்த பையன், கோவத்த நீ எப்படிப் பாத்த, கொம்பத்தான பாத்தன்னு கேட்டான். அழிச்சு அந்தப் பக்கம் எழுதுச்சுங்க. எட்டு வயசுப் புள்ளைங்க, எனக்குக் கண்ணே கலங்கிருச்சு.

மொதக் கூட்டுல பட்டாம்பூச்சி வரவே இல்ல, சின்ன ஓட்டை போட்டுட்டு குட்டிக் குட்டிக் குளவிதான் வந்துச்சு. ரெண்டு பேரு அழுதாங்க, அதையும் எழுதச் சொன்னேன். இப்ப அடுத்த கூடு கொசுவலை கட்டின பாட்டில்ல 7 நாளா இருக்குது, உள்ளிருந்து எது வரும்னு ஆளாளுக்கு நெனச்சது பக்கத்துல எழுதிட்டு, காலைல பை வைக்கறதுக்கு முன்னாடி அதத்தான் போய்ப் பாக்கறாங்க.