டயரை அளந்துவிட்டு கியர்பாக்ஸைத் தொடுங்கள்

வாசகர் கேள்வி–பதில்: வண்டிப் பக்கம்

கேள்வி: சார், என்னிடம் 2005 மாடல் செவ்ரோலெட் ஃபாரெஸ்டர், மேனுவல் கியர். எங்கள் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது யாரோ பிரேக்கைப் பிடித்து இழுப்பது போல வண்டி உதறுகிறது. காலையில் அவ்வளவாக இல்லை, ஆபீஸ் போய்விட்டு சாயங்காலம் அவுட்டர் ரிங் ரோடு டிராஃபிக்கில் ஊர்ந்து வந்த பிறகுதான் அதிகம். மெக்கானிக் 'விஸ்கஸ் கப்ளிங் போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்' என்கிறார். அது நிஜமாகவே போயிருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா? போன மாதம் முன் டயர் இரண்டும் புதிதாகப் போட்டேன், மற்றபடி வண்டியில் கை வைக்கவில்லை.
– ஒரு வாசகர், கம்மனஹள்ளி, பெங்களூரு

பதில்: உங்கள் கடிதத்தில் கடைசியாகப் போகிற போக்கில் எழுதிய வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முன் டயர் இரண்டு மட்டும் புதிது என்றீர்களே, அங்கிருந்து தொடங்குவோம்.

உங்கள் வண்டியில் இன்ஜின் பலம் நான்கு சக்கரத்துக்கும் போகிறது. விஸ்கஸ் கப்ளிங் என்பது மூடி சீல் வைத்த ஒரு டப்பா. உள்ளே மெல்லிய தகடுகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். ஒன்று விட்டு ஒன்று முன்பக்கத்தோடும், மற்றவை பின்பக்கத்தோடும் சேர்ந்து சுற்றும். நடுவில் கெட்டியான சிலிக்கோன் திரவம். முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றும்வரை அதற்கு வேலையே இல்லை. ஒரு பக்கம் வேகமாகச் சுழல ஆரம்பித்தால், அதிரசப் பாகில் கரண்டி விட்டுக் கிண்டுவது போல திரவம் எதிர்த்து நிற்கும், சூடாகி விரியும், பிடி இன்னும் இறுகும். உங்கள் வண்டியில் இது நடு டிஃபரன்ஷியலோடு (முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) சேர்ந்து கியர்பாக்ஸின் வால் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள், அதாவது சுமார் 6 மில்லிமீட்டருக்குள் ஒத்திருக்க வேண்டும் என்பது உங்கள் ஃபாரெஸ்டரை வடிவமைத்த சுபாருவின் விதி. டயர் பள்ளத்தின் ஆழத்தில் 1 மில்லிமீட்டர் குறைந்தாலே சுற்றளவில் 6 மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும். புது டயரில் பள்ளம் 8 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும். உங்கள் பின் டயர்களில் 4 தான் மிச்சம் என்றால் வித்தியாசம் 25 மில்லிமீட்டர்! நேர் சாலையில் போகும்போதும் கப்ளிங் ஓய்வில்லாமல் அரைபட்டு, சூடேறி, இறுகிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் தொல்லை அதிகமாவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். இது ரொம்ப நாள் நீடித்தால் திரவம் கெட்டியாகி, நன்றாக இருந்த கப்ளிங்கும் உண்மையிலேயே கெட்டுவிடும். அதனால் இன்றைக்கே ஒரு டயர் ஆழமானி வாங்கி நான்கையும் அளந்துவிடுங்கள், காற்றழுத்தத்தையும் சரிபாருங்கள். வித்தியாசம் இருந்தால் முதலில் நான்கையும் ஒரே பிராண்டு, ஒரே அளவு, ஒரே தேய்மானத்துக்குக் கொண்டு வாருங்கள். செலவுதான், ஆனால் டிஃபரன்ஷியல் செலவோடு ஒப்பிட்டால் பெரிதில்லை.

அப்புறம் வட்டச் சோதனை. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் காய்ந்த, தட்டையான ஒரு காலி மைதானத்துக்குப் போங்கள். ஈரத் தரை வேண்டாம், டயர் வழுக்கி உண்மையை மறைத்துவிடும். போவதற்கு முன் அரை மணி நேரமாவது வண்டியை ஓட்டிச் சூடேற்றுங்கள். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, முதல் கியரில் கிளட்சை முழுசாக விட்டு, ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காமல் வட்டமடிக்க விடுங்கள். நல்ல கப்ளிங் என்றால் வண்டி தானாக ஊர்ந்து சுற்றும். சுற்றும்போதே கிளட்சை மிதித்தால் கொஞ்ச தூரம் உருண்டு நிற்க வேண்டும். மிதித்த கணமே கயிறு கட்டி இழுத்தது போல நின்றால் பிடி இறுகியிருக்கிறது என்று அர்த்தம். இடது, வலது, ரிவர்ஸ் மூன்றும் பாருங்கள். கட், கட் என்று சத்தம் மட்டும் வந்தால் அது சக்கரத்தைச் சுற்றும் தண்டின் மூட்டு (டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட்), கப்ளிங் இல்லை.

மூன்றாவது ஜாக்கிச் சோதனை. தரை சமமாக இருக்க வேண்டும், இன்ஜின் ஆஃப், ஹேண்ட்பிரேக் போட்டு, தரையில் இருக்கும் மூன்று சக்கரத்துக்கும் இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். முன் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கி ஸ்டாண்டு வையுங்கள், வெறும் ஜாக்கியை நம்பக் கூடாது. கியர் நியூட்ரலில் இருக்கட்டும். கியரில் இருந்தால் சக்கரம் அசையவே அசையாது, நீங்கள் கப்ளிங் இறுகிவிட்டதாகத் தப்பாக முடிவெடுப்பீர்கள். இப்போது இரண்டு கையாலும் டயரைச் சுற்றுங்கள். மெதுவாகத் தள்ளினால் மெதுவாக நகர வேண்டும், வேகமாக உலுக்கினால் எதிர்க்க வேண்டும். சைக்கிள் சக்கரம் மாதிரி லேசாகச் சுற்றினால் திரவம் கசிந்து பலம் போயிருக்கிறது. முழு பலத்தோடு நிதானமாக அழுத்தியும் அசையாவிட்டால் இறுகிவிட்டது.

இன்னும் துல்லியம் வேண்டுமா? மையத்து ஆக்ஸில் நட்டில் 32 எம்எம் சாக்கெட்டும் ஒரு மீட்டர் நீளக் கம்பியும் மாட்டி, கடிகாரத்தின் ஒன்றரை மணி இடத்தில் நிறுத்தி, முனையில் 5 கிலோ எடைத்தட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். நட்டு இறுகும் திசையில் கம்பி மூன்று மணி இடத்துக்கு இறங்க எத்தனை விநாடி என்று குறித்து வையுங்கள். அந்த ஒரு எண்ணை வைத்து மட்டும் தீர்ப்பு சொல்ல வேண்டாம். டயர் மாற்றி ஒரு மாதம் ஓட்டிய பிறகு அதே கம்பி, அதே எடை, அதே நேரத்தில் இன்னொரு முறை பாருங்கள். சிலிக்கோன் குளிரில் ஒரு மாதிரி, சூட்டில் ஒரு மாதிரி நடந்துகொள்ளும், அதனால் இரண்டு முறையும் இரவு முழுக்க நின்ற வண்டியில் விடிகாலையில் பார்ப்பது நல்லது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: ஒரு சக்கரத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இன்ஜினை ஓட விட்டு கியர் போட்டுப் பார்க்காதீர்கள். கப்ளிங் பிடித்தால் வண்டி ஸ்டாண்டை விட்டுப் பாய்ந்துவிடும், முன்னால் நிற்பவர் கதி என்ன?

எல்லாம் பார்த்தும் கப்ளிங்தான் போயிருக்கிறது என்றானால், அதில் திரவம் ஊற்றிச் சரிசெய்ய முடியாது, நடு டிஃபரன்ஷியலோடு சேர்த்து மாற்ற வேண்டும். ஆனால் முழு கியர்பாக்ஸையும் இறக்கத் தேவையில்லை, வண்டியில் இருந்தபடியே பின்வால் பகுதியைக் கழற்றி எடுக்கலாம். இதை உங்கள் மெக்கானிக்கிடம் பொறுமையாகப் பேசுங்கள். ஜே.சி. ரோடு கடைகளில் விசாரிக்கும்போது சுபாரு ஃபாரெஸ்டர் என்றே கேளுங்கள். செவ்ரோலெட் பெயரில் விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் 2017 கடைசியில் இங்கே விற்பனையை நிறுத்திவிட்டது, உள்ளே இருப்பதும் சுபாரு சாமான்தான். செலவுக்குப் பயந்து, பழைய லேண்ட் ரோவர் ஃப்ரீலேண்டரில் செய்வது போல, பின்சக்கரங்களுக்குப் பலம் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஃப்ரீலேண்டரில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது, கழற்றினால் முன்சக்கர வண்டியாக ஓடும். உங்களுடையதில் இன்ஜின் பலம் முழுக்கக் கப்ளிங் வழியாகப் போய் அதைக் கருக்கிவிடும்.

கேள்வி: என் மஹிந்திரா தார் வண்டியில் 4 ஹை (நான்கு சக்கர இழுவை) போட்டு ஓசூர் ரோட்டில் யூ-டர்ன் அடித்தால் இதே மாதிரி உதறுகிறது. கப்ளிங்தானா?
– அல்சூர் வாசகர்

பதில்: இல்லை, உங்கள் வண்டியில் அது கிடையாது. 4 ஹை போட்டால் முன்னும் பின்னும் நேராகப் பூட்டிக்கொள்ளும், காய்ந்த தார் ரோட்டில் திரும்பினால் உதறத்தான் செய்யும். சேறு, மணல், ஈர மலைப்பாதைக்கு மட்டும் போடுங்கள். சாதாரண ரோட்டில் 2 ஹை (இரண்டு சக்கர இழுவை) போதும்.

கேள்வி: விஸ்கஸ் கப்ளிங் வண்டி நடுவழியில் நின்றால் முன்சக்கரத்தைத் தூக்கி டோ பண்ணலாமா?
– விவேக்நகர் வாசகர்

பதில்: வேண்டவே வேண்டாம். பின்சக்கரம் மட்டும் உருண்டால் கப்ளிங் சில கிலோமீட்டரிலேயே கொதித்துவிடும். நான்கு சக்கரமும் தரையைத் தொடாமல் ஏற்றும் பிளாட்பெட் லாரி வேண்டும் என்று போனிலேயே சொல்லி, வேறு வண்டி வந்தால் திருப்பி அனுப்புங்கள்.