வயிற்றோட்டம் நின்றது, முழங்கால் வீங்கியது

கேள்வி: எனக்கு வயது 29, வெள்ளவத்தையில் வசிக்கிறேன். மூன்று வாரங்களுக்கு முன் கடையில் கொத்து ரொட்டி சாப்பிட்டுக் கடும் வயிற்றோட்டம் வந்து, சுகமாகிவிட்டது. இப்போது வலது முழங்கால் வீங்கியிருக்கிறது. காலையில் இடது குதிகாலை ஊன்ற முடியவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? மிச்சமிருக்கும் அன்டிபயோட்டிக் குளிசைகளைப் போடலாமா?

பதில்: தொடர்பு இருக்க நிறையவே இடமுண்டு. குளிசைகளைப் போட வேண்டாம்.

சல்மோனெல்லா, ஷிகெல்லா, கம்பைலோபாக்டர், யெர்சினியா ஆகிய பற்றீரியாக்கள் குடலைத் தாக்கி ஒன்று முதல் நான்கு வாரங்களில் சிலருக்கு எதிர்வினை மூட்டழற்சி வருகிறது. ஒரு பக்க முழங்கால், மறு பக்கக் குதிகால் என்று ஒழுங்கில்லாமல் பிடிப்பது அதன் வழக்கம். சிக்குன்குனியா அப்படியல்ல, காய்ச்சலோடு தொடங்கி, பெரும்பாலும் இரு கைகளின் சிறு மூட்டுகளையும் சேர்த்தே வாட்டும்.

இந்த நோயில் மூட்டு நீரை ஊசியால் எடுத்து ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்தால் கிருமி வளராது. ஆனால் 1989இல் பின்லாந்து ஆய்வாளர்கள், இத்தகைய நோயாளரின் மூட்டு நீரிலிருந்த வெண்குருதிக் கலங்களுக்குள் யெர்சினியாவின் சிதைவுகளைக் கண்டார்கள். குடலில் கிருமியை விழுங்கிய கலங்களே அந்த மிச்சத்தை மூட்டுவரை சுமந்து வந்திருக்க வேண்டும் என்பது பலரின் கருத்து. செத்த எதிரியின் சட்டையைப் பார்த்து மூளும் சண்டை இது. வீக்கத்தை உண்டாக்குவது உங்கள் நோயெதிர்ப்புத் தொகுதிதான். கொல்வதற்கு அங்கே கிருமி இல்லாதபோது அன்டிபயோட்டிக் என்ன செய்யும்?

எச்எல்ஏ-பி27 மரபணு உள்ளவர்களுக்கு நோய் கடுமையாகவும் நீண்டும் இருக்கலாம். அது இல்லாதவர்களுக்கும் நோய் வருவதால், அந்தப் பரிசோதனைக்கு அவசரப்பட்டுப் பணம் செலவழிக்காதீர்கள். முதலில் மூட்டுவாத நிபுணரைப் பாருங்கள். வீக்கம் குறைக்கும் மருந்துகளோடு பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் குணமாகிவிடும்.

காய்ச்சல் இருந்தால் கதை வேறு. டெங்கு இல்லையென்று இரத்தப் பரிசோதனையில் உறுதியாகும்வரை வீக்கம் குறைக்கும் மருந்துகளான டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் இரண்டையும் தொடாதீர்கள். பரசிட்டமோல் மட்டும் போதும். மூட்டு கொதித்து, அசைக்கவே முடியாவிட்டால் உயிருள்ள கிருமியே உள்ளே இருக்கலாம். அது சில நாட்களிலேயே குருத்தெலும்பை அரித்துவிடும் என்பதால் அன்றே களுபோவிலைக்கோ தேசிய வைத்தியசாலைக்கோ போய்விடுங்கள். கண் சிவந்து வலித்தாலும் தாமதிக்க வேண்டாம்.

இன்னொன்று, வெட்கப்பட்டு மறைப்பது. சிறுநீர் எரிவு இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். பாலுறவால் தொற்றும் கிளமிடியாவும் இதே மூட்டழற்சியைத் தூண்டும். அதற்கு மட்டும் அன்டிபயோட்டிக் கட்டாயம், உங்கள் துணைக்கும் சேர்த்து.